தறிக்கும் சேர்த்து ஒரு வீடு

காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகும் நெசவாளரிடம் புரோக்கர் முதலில் கேட்பதெல்லாம் எந்த ஊரிலும் கேட்பதுதான். வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், அட்வான்ஸ் எவ்வளவு புரட்ட முடியும். அதெல்லாம் முடிந்த பிறகு இந்த ஊருக்கென்றே ஒரு கேள்வி வரும்.

“தறி போடுவீங்களா?”

“ஒரே ஒரு தறிதாண்ணே.”

“அப்போ ஓனரைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”

அந்த வீடு கைநழுவிப் போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிடும். பிள்ளையார்பாளையத்தில் தேடினாலும் சரி, ஓரிக்கை, செவிலிமேடு பக்கம் தேடினாலும் சரி, நெசவுக் குடும்பங்களின் வீட்டுக் கதையில் இந்த மூன்று வரி தவறாமல் வருகிறது.

வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தறி என்பது கட்டில், பீரோ மாதிரி கொண்டுவந்து இறக்கி, காலி செய்யும்போது தூக்கிக்கொண்டு போகிற சாமான் கிடையாது. காஞ்சிப் பட்டு பெரும்பாலும் குழித்தறியில் நெய்யப்படுகிறது. தரையைத் தோண்டி, நெசவாளர் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதிக்க ஒரு குழி வேண்டும். டைல்ஸ் ஒட்டிய தரையை உடைக்க எந்த உரிமையாளர் சம்மதிப்பார்? தறிக்கு மேலே, சேலையில் பூவேலை எழுப்பும் ஜக்கார்டு பெட்டி உட்காரும். அதில் அட்டை மாட்டவும் நூல் சரிசெய்யவும் ஆள் ஏறி நிற்க இடம் வேண்டும் என்பதால் கூரை உயரமாக இருந்தாக வேண்டும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ‘டக் டக்’ என்று சத்தம் வேறு. மாடியில் குடியிருப்பவர் சண்டைக்கு வருவார்.

அகலக் கணக்கையும் பார்க்க வேண்டும். கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதற்கு ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும், நெய்பவருக்குப் பக்கத்தில் கரைக்கு ஒரு துணை ஆளும் உட்காருவார். பெரும்பாலும் அந்தத் துணை மனைவியோ மகனோதான். தறி, இரண்டு ஆள், பக்கத்தில் நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றும் இராட்டை எல்லாவற்றையும் சேர்த்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று அப்படியே போய்விடும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கிற இடத்தில்தான் சமையல், தூக்கம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம்.

வீட்டுக்கு வெளியிலும் தறிக்கு இடம் தேவைப்படுகிறது. நெய்வதற்கு முன்னால் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, தெருவில் நீட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, சுற்றி எடுப்பார்கள். ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலை வரும். சேலை ஒன்றுக்கு ஏறக்குறைய ஆறு மீட்டர் என்று வைத்தாலே பாவு அறுபது அடியைத் தொட்டுவிடும். வண்டி வராத ஒரு தெரு, அதிகாலையில் ஒரு மணி நேரமாவது வேண்டும். பிள்ளையார்பாளையத்தின் பழைய தெருக்களில் காலை நேரத்தில் நடந்து போனவர்கள் பார்த்திருப்பார்கள்: நடுத்தெருவில் பட்டு இழைகள் வெயிலில் மின்னிக்கொண்டு நீண்டு கிடக்க, இரண்டு பக்கமும் குடும்பமாக நின்று வேலை பார்ப்பார்கள். சைக்கிளில் வருபவர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். அந்தத் தெருவும் நெசவாளர் வீட்டின் ஓர் அறைதான்.

ஆக, காஞ்சிபுரத்தில் நெசவாளர் தேடுவது நாலு பேர் தங்க ஒரு வீட்டை மட்டுமல்ல, ஒரு தொழிற்சாலையையும் சேர்த்துத்தான் தேடுகிறார். அதுவும் நகர விலையில்.

அந்த விலை எப்படி ஏறியது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, கோயிலும் பட்டுமாக இருந்த ஊர் இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் கார் தொழிற்சாலைகளும் செல்போன் தொழிற்சாலைகளும் வந்த பிறகு கம்பெனி பஸ்கள் காஞ்சிபுரத்துக்குள்ளும் வந்து ஆள் ஏற்ற ஆரம்பித்தன. மாதச் சம்பளக்காரர் தரும் வாடகைக்கும், சேலை இறங்கினால் மட்டுமே கூலி பார்க்கும் நெசவாளர் தரும் வாடகைக்கும் போட்டி என்றால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021-இல் நகராட்சி மாநகராட்சி ஆனது. 2022 ஆகஸ்டில் பக்கத்துப் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்ற அறிவிப்பு வந்தது. அந்தத் திட்டப் பகுதியில் இருக்கும் ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்தையும் வீட்டையும் காப்பாற்றப் போராட்டத்தில் இறங்கினார்கள். சுற்று வட்டாரத்திலோ நிலம் வைத்திருந்தவர் விற்காமல் பிடித்து வைத்தார், வாங்க நினைத்தவர் எட்டாத விலையைக் கேட்டுத் திரும்பினார். அதே ஆண்டு சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளும் ஆழமாக வந்துவிட்டது.

வாடகை கட்டுப்படியாகாதவர்கள் போக்கியத்துக்குப் போகிறார்கள். ஒரு பெரிய தொகையை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருப்பது, காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்ப வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மொத்தப் பணத்துக்கு நெசவாளர் எங்கே போவார்? தறிக்குப் பாவும் ஜரிகையும் தரும் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். அந்த முன்பணம் தீரும் வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது, கூலி பேசவும் வாய் எழாது. வீட்டுக்காக வாங்கிய கடன் தறியைக் கட்டிப் போடுகிறது. போக்கியப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வெறும் இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உரிமையாளர் வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். யாராவது போக்கியத்துக்குப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.

இந்த ஊரில் நெசவாளருக்கு இருக்க இடமில்லை என்பது நினைத்துப் பார்த்தால் வலிக்கிற விஷயம். ஏனென்றால் இந்த ஊரே ஒரு காலத்தில் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்த ஊர். சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தமசோழன் செப்பேடு பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உலகளந்த பெருமாள் கோயிலாகிய ஊரகத்தின் நிர்வாகம் பற்றியது. கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சிபுரத்தில், நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலியர் என்ற நெசவாளர்களிடம் அந்தக் கோயிலின் காரியங்கள் ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. சேரி என்றால் அன்றைக்குக் குடியிருப்பு என்றுதான் பொருள். பின்னாளில் தமிழ்நாட்டின் பல கோயில்களில் கைக்கோளர் என்ற நெசவாளர்களைத் திருமடைவிளாகத்தில், அதாவது கோயிலைச் சுற்றிய தெருக்களில், குடியமர்த்தியதற்கும் கல்வெட்டுகள் உண்டு. தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று வரியும் வாங்கினார்கள். வரி வாங்கியவர்கள் தறி எங்கே இருக்கும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள்.

அந்தப் பழைய வீடுகளின் அமைப்பே அதற்குச் சாட்சி. தெருப்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, அடுத்து தறி போடும் கூடம், வெளிச்சத்துக்கு முற்றம், பின்னால் சமையல்கட்டு, கிணற்றடி. முற்றத்து வெளிச்சத்தில் இழையின் நிறம் தெரியும். மண்தரையின் குளிர்ச்சி பட்டு இழைக்கு ஒத்துப்போகும். நெசவுக் குடும்பத்தில் பிறந்து முதலமைச்சரான அறிஞர் அண்ணாவின் வீடு சின்ன காஞ்சிபுரத்தில் நினைவு இல்லமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே சுற்றியுள்ள தெருக்களிலும் நடந்து வரலாம்.

அந்த வீடுகள் இன்று முழுசாக இல்லை. அண்ணன் தம்பி நான்கு பேர் என்றால் பாகப்பிரிவினையில் ஆளுக்கு ஒரு நீளத் துண்டு வரும். எட்டடி அகலத்தில் ரயில் பெட்டி மாதிரி ஒரு வீடு. அதில் தறி போட்டால் ஆள் போக வழியில்லை, ஆள் போக வழி விட்டால் தறி இல்லை. ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்றால் இன்றைய மதிப்புக்குப் பணம் வேண்டும். கடைசியில் மொத்தமாக விற்கிறார்கள். அதுவரை நாலு தறி ஓடிய இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழுகிறது. விற்ற நால்வரில் யாருக்கும் அந்தத் தெருவில் திரும்ப ஒரு வீடு வாங்க முடிவதில்லை.

விற்கக்கூட முடியாதவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். கோயில் நகரம் என்றால் கோயில் நிலமும் இருக்கும். மேலே இருக்கிற வீடு குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற நிலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-A பிரிவுப்படி அடிமனைக்கு நியாய வாடகை நிர்ணயித்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். நிலத்தின் மதிப்பு ஏறினால் இந்த வாடகையும் ஏறும். நியாயமாகப் பார்த்தால் கோயில் சொத்து கோயிலுக்கு வருமானம் தரத்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் விமான நிலையத்தையும் தொழிற்பேட்டையையும் பார்த்து ஏறிய நில மதிப்பு, குழியில் உட்கார்ந்து நாடா தள்ளுகிற மனிதரின் கூலியை ஏற்றவில்லை. பட்டா கோயில் பெயரில் இருப்பதால் வங்கிக் கடன் கிடைக்காது. அரசின் வீடு கட்டும் மானியத்துக்கும் சொந்த மனை வேண்டும். ஓட்டைக் கூரையை மாற்றக்கூடப் பல கையெழுத்து தேவைப்படுகிறது. நெய்பவர் குடியிருக்கும் வீடுகளுக்கு அறநிலையத் துறை தனியாக ஒரு வாடகை விகிதம் யோசிக்கலாம். கோயில்களுக்கு வஸ்திரம் நெய்த கைகளின் வாரிசுகளுக்கு அவ்வளவு உரிமை உண்டு.

பிள்ளையார்பாளையத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பக்கத்திலேயே கைலாசநாதர் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பல்லவர் கோயிலைக் காப்பாற்ற அந்தச் சட்டம் அவசியம். அதன் நிழலில் இருக்கிறவர்களுக்கு மாடி எழுப்பி ஓர் அறை சேர்க்கிற வழியும் அடைபட்டுப் போகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, ஊருக்கு வெளியே போகலாம் என்றால்?

வாலாஜாபாத் சாலையிலும் உத்திரமேரூர் சாலையிலும் கொடி கட்டிய மனைப்பிரிவுகளுக்குக் குறைவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது அங்கீகாரம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. அந்த விவரம் தெரியாமல் விலை குறைவு என்று வாங்கி, வீட்டுக்கடனும் கிடைக்காமல் கட்டட அனுமதியும் கிடைக்காமல் முள்வேலி போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இது ஏரி மாவட்டம் வேறு. 2015 மழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்காமல் மனை வாங்கவே கூடாது. சாதாரண வீட்டுக்கு முழங்கால் தண்ணீர் என்றால் துடைத்துவிட்டுக் குடியேறலாம். குழித்தறிக்கு ஒரு சாண் தண்ணீர் போதும், குழி நிறைந்து தறி நின்றுவிடும், ஊறிய குழி காயும் வரை கூலி கிடையாது.

பதிவுச் செலவையும் முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்ச ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் அதற்கே போய்விடும். 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. மனைவி பெயரில் பதிந்தால் அந்தப் பத்தாயிரம் மிச்சம். நெசவுக் குடும்பத்துக்கு அது சின்னப் பணம் இல்லை.

அரசு உதவி எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. கிராமத்தில் சொந்த மனை இருந்தால் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தறிக்கூடம் கட்ட உதவி உண்டு. ஆனால் வீடு ஒரு துறையின் கோப்பு, தறிக்கூடம் இன்னொரு துறையின் கோப்பு. ஏழாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் ஒன்றிய அரசு நெசவாளருக்காகத் தறிக்கூடமும் வீடும் சேர்ந்த ஒரு திட்டத்தைத் தனியாகவே கொண்டுவந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று 1985-இலேயே தோன்றியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் குறைந்தபட்ச அளவு 30 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 323 சதுர அடி. தறி கேட்கும் 120 சதுர அடியைக் கழித்தால் மிஞ்சுவது 203. அதில் அடுப்படி, கழிப்பறை போக நாலு பேர் எங்கே படுப்பது? அதுவும் இரண்டாவது மாடி என்றால் குழி தோண்ட முடியாது. வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களை இடம் மாற்றுவதற்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். வெள்ள ஆபத்திலிருந்து குடும்பங்களைக் காப்பது நல்ல நோக்கம்தான். அதே கீழ்க்கதிர்ப்பூரில்தான் 75 ஏக்கரில் அண்ணா கைத்தறிப் பட்டுப் பூங்காவும் வந்திருக்கிறது. ஒரே கிராமத்தில் வீடுகளும் பட்டுப் பூங்காவும். ஆனால் வீட்டில் தறி வைக்க வழியில்லை, பூங்காவில் குடும்பம் நடத்த வழியில்லை. வீட்டு வேலைக்கு நடுவில் தார் சுற்றி, உலை கொதிக்கும் நேரத்தில் கரைக்கு நாடா தள்ளுகிற பெண்ணால் எட்டு மணி நேரம் வேறிடத்தில் போய் உட்கார முடியாது. அவருடைய உழைப்பு கணக்கிலேயே வராமல் போனதால்தான் இரண்டும் தனித்தனியாக வரையப்பட்டன.

வேலைக்கு ஏற்ற மாதிரி இடம் கட்ட அரசுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியைப் பாருங்கள். 706.5 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக் கட்டியிருக்கிறார்கள். ஷிப்ட்டு முடிந்து வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பான படுக்கை வேண்டும் என்று யோசித்துச் செய்த பெரிய காரியம் அது. அதே மாவட்டத்தில், ஒரு மணி நேரப் பயண தூரத்தில், புவிசார் குறியீடு வாங்கித் தந்த தொழிலைச் செய்கிறவருக்கும் அந்த யோசனை கிடைக்க வேண்டும் என்பதே இந்தப் பதிவின் கோரிக்கை.

இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. பிரான்ஸில் பட்டுக்குப் பெயர் பெற்ற லியோன் நகரத்துக்காரர்தான் ஜக்கார்டு. காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருப்பது அவர் பெயர் தாங்கிய பெட்டிதான். அந்தக் கருவி வந்ததும் பழைய வீடுகளின் கூரை உயரம் பற்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருவா-ரூஸ் என்ற குன்றின் மேல் நெசவாளருக்கென்றே அடுக்குமாடிகள் கட்டினார்கள். கூரை ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம், தறிக்கு வெளிச்சம் விழப் பெரிய பெரிய ஜன்னல்கள், குடும்பம் தூங்க அறைக்குள்ளேயே ஒரு பரண். அங்கே வாழ்க்கை சொகுசாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். கூலி போதாமல் 1831-இல் அந்த நெசவாளர்கள் கிளர்ந்து எழுந்தது வரலாறு. ஆனாலும் தறியின் உயரத்தை அளந்த பிறகுதான் அங்கே வீட்டின் உயரத்தை முடிவு செய்தார்கள். இன்று தறிகள் போய்விட்டன. அந்த உயரமான வீடுகளுக்கு ஆசைப்பட்டு நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் காஞ்சிபுரத்துக்கும் ஒரு புதுநகர் வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பணியைக் கையில் எடுத்திருக்கிறது. வரைபடம் முடிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம், பேச வேண்டிய நேரம் இதுதான். கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. நெசவாளருக்கு ஒதுக்கும் வீடுகள் தரைத்தளத்தில் இருக்கட்டும். முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல், தரையில் குழிக்கு இடம் விட்டு, கூரை பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கட்டும். நான்கு வரிசை வீட்டுக்கு ஒரு தெருவாவது அறுபது எழுபது அடி நீளத்துக்கு வண்டி வராமல் பாவு நீட்டத் திறந்து கிடக்கட்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடந்தாலும் காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களை, குறிப்பாகப் பெண்களை, அழைத்துப் போய் இந்த அளவுகளை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் காலி வீடு வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய ஓட்டு வீடோ, மண்தரை மாறாத பின்கட்டோ உங்களிடம் இருந்தால், இடித்துக் கட்டும் நாள் வரும் வரைக்குமாவது ஒரு தறிக்கு வாடகைக்கு விடுங்கள். குழியைப் பிறகு மூடித் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்க அவர்கள் தயாராக இருப்பார்கள். அடுத்த முறை புரோக்கர் போன் போட்டு, “நெசவுக்காரங்க, ஒரு தறி இருக்கு” என்று சொன்னால், வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.